வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. டிக்கெட் ஜன்னல் மூடிக் கிடக்கும், பள்ளிக்கூடப் பேருந்துகள் வராது, கரடிக்கூண்டின் முன்னால் நின்று கரடியைவிட அதிகமாகக் கத்துகிற ஆட்கள் இருக்கமாட்டார்கள். அதனால் மூங்கில் தட்டிக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்ட மீன் வாளியின்மேல் உட்கார்ந்திருந்த அமிர்தலிங்கத்துக்குத் தன் முழங்கால் நறநறப்பதுகூடக் காதில் விழுந்தது. ஐம்பத்தேழு வயதில் முழங்கால் பேசத்தான் செய்யும், பேசக்கூடாது என்று அதற்கு யாரும் உத்தரவு போடவில்லை. தட்டியின் ஓட்டை வழியாகப் பார்த்தால் குளம் தெரிந்தது, குளத்துக்கு அந்தப் பக்கம் கோரைப்புல், புல்லுக்கு நடுவில் கிடந்த வேப்பமரத் துண்டின்மேல் வயிற்றை வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அவள். நீர்நாய். பூங்காவின் பதிவேட்டில் அவளுக்கு ஒரு எண் இருந்தது, பெயர் இல்லை, பெயர் வைக்கக்கூடாது என்பது டாக்டர் ரெஜினாவின் முதல் உத்தரவு. பக்கத்தில் படுத்திருந்தது வலையில் மாட்டிக் காயத்தோடு வந்து சேர்ந்த ஆண். அதற்கு மனிதர்கள் என்றாலே ஆகாது, யாராவது இருமினால் தண்ணீருக்குள் போய்விடும், அதைப் பற்றிக் கவலையில்லை. குளத்துக்கு இந்தக் கரையில், தட்டியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நாலு பேர், ஒருவர்பின் ஒருவராகத் தட்டிக்குப் பின்னால் நின்று மும்மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவள் அந்தக் கல் வரிசையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் ஆற்றுக்குப் போக முடியாது. வராவிட்டால் வாசலில் நிற்கிற வண்டியில் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் அணைக்கு மேலே ஆற்றில் இரண்டையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். அவ்வளவுதான் சோதனை. வளர்த்தவர் என்பதால் அமிர்தலிங்கம் கடைசி.

வளர்த்தவர். அந்தச் சொல் கொஞ்ச நேரமாக அவர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. டாக்டர் தாளில் அப்படித்தான் எழுதியிருந்தார், காலையில் படித்தும் காட்டினார். மகள் சுகந்தியின் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயரைப் பார்த்தபோதுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருக்கவில்லை. அதை மனைவி கமலவேணியிடம் சொன்னால் அடிக்க வருவாள். பதினொரு மாதத்துக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வாருகிறோம் என்று இயந்திரத்தைக் கரையில் இறக்கி வளையை உடைத்துவிட்டார்கள், தாய் போன இடம் தெரியவில்லை, ஒரு குட்டியை மட்டும் அரிசிப் பையில் போட்டு யாரோ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். கண் திறக்கவில்லை. பையைப் பிரித்ததும் பெருச்சாளிக் குட்டி என்றுதான் நினைத்தார். இரண்டு மணிக்கு ஒரு தடவை சொட்டுச் சொட்டாகப் பால், குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும், தாய் நக்கிச் செய்கிற வேலை அது. கண் திறந்து, பல் முளைத்து, மீனைக் கடிக்க ஆரம்பித்த பிறகும் தண்ணீரைக் கண்டால் அலறியது. நீர்நாய்க்குத் தண்ணீர்ப் பயம். அமிர்தலிங்கம் மீனுக்கு நீச்சல் சொல்லித்தரப் போகிறார் என்று பூங்கா முழுக்கச் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குத் தெரியாது, தாய்தான் பிடரியைக் கவ்வித் தண்ணீரில் இறக்க வேண்டும், தானாக வராது. மார்கழி மாதம், காலை ஏழு மணி, பனியனோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தார், பல் கிட்டித்துப்போயிற்று, குட்டி அவர் தோளில் ஏறிக்கொண்டு கழுத்தைப் பிறாண்டியது. ஒன்பதாம் நாள் தோளிலிருந்து இறங்கியது. இறங்கியதும் நேரே அடிக்குப் போய்விட்டது, மேலே வரவில்லை, ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணுவதை விட்டுவிட்டுத் தண்ணீருக்குள் கையைப் போட்டுத் துழாவினார், அது தொட்டியின் மறுகோடியில் தலையைத் தூக்கி அவரைப் பார்த்து ஒரு சீழ்க்கை அடித்தது.

முதலில் வந்தது தீவன அறையில் மீன் வெட்டுகிற லூர்து மேரி. செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தட்டியில் வாயை வைத்தாள். "ஏ ராசாத்தி, வாடி. மீனு வச்சிருக்கேன், வாடி." அமிர்தலிங்கம் மூச்சை அடக்கிக்கொண்டார். லூர்து மேரி எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், ராசாத்தி என்னட்டும், கண்ணே என்னட்டும், அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயில் வந்துவிடக்கூடாது. மூன்று தடவை கூப்பிட்டாள். வரவில்லை. மரத் துண்டின்மேல் படுத்திருந்தவள் பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டாள், அவ்வளவுதான். "நா வெட்டிப் போட்ட மீனத் தின்னுட்டு எவ்ளோ திமிரு பாரு" என்று லூர்து மேரி சிரித்துக்கொண்டே போனாள், டாக்டர் ரெஜினா தாளில் ஒரு கோடு இழுத்தார். அந்த ஒரு வார்த்தை. குட்டிக்கு ஐந்து மாதம் முடிந்ததும் டாக்டர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேச்சை நிறுத்தினார். "இனிமே இதுக்கு முன்னாடி யாரும் வாயத் தொறக்கக் கூடாதுண்ணே. மனுசக் குரல்னா சோறுன்னு மனசுல பதிஞ்சுபோச்சுன்னா ஆத்துல விட்டு ஒரு வாரம் தாங்காது. பரிசல்காரங்க பேசிக்கிட்டுப் போவாங்க, இது பின்னாலயே போகும், வலையக் கிழிக்க வந்துருச்சுன்னு துடுப்பால ஒரே போடு." வயதில் மகளைப் போல, ஆனால் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து கூண்டுக்குள் போகிறவர்கள் தலை முதல் முழங்கால்வரை சாக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், சாக்கில் குளத்துச் சேற்றைப் பூசியிருக்க வேண்டும், மனித வாடை வரக்கூடாது. மீன் கையால் கிடையாது, தட்டிக்குப் பின்னாலிருந்து சாய்த்து வைத்த குழாய் வழியாகச் சறுக்கி விழும். யார் போட்டது என்று அதற்குத் தெரியவே கூடாது. சாக்குக்குள் வியர்த்து வழிய நின்றுகொண்டு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்துக்கொண்டு, தான் வளர்த்த குட்டி தன்னைப் பார்த்துப் பயந்து பின்வாங்குவதைப் பார்க்க வேண்டியிருந்தது. பயப்படட்டும், நல்லதுதானே என்று சொல்லிக்கொண்டார். பதினாறு நாள் சொல்லிக்கொண்டார்.

பதினேழாம் நாள் குளத்தைக் கழுவப் போனபோது, விளக்குமாறு போகிற வழியில் அவள் நீட்டிப் படுத்துக்கொண்டு நகரமாட்டேன் என்றாள். "இந்தா, தள்ளு" என்றது வாய். அவர் சொல்லவில்லை, வாய் சொல்லிவிட்டது. முப்பது வருஷமாக அடுக்களையில் தண்ணீர் மொள்ளப் போகும்போதெல்லாம் கமலவேணியிடம் சொன்ன அதே இரண்டு சொல். கமலவேணி என்ற பெயரை அவர் கல்யாணப் பத்திரிகையில் படித்திருக்கிறார், ரேஷன் அட்டையில் எழுதியிருக்கிறார், வாயால் கூப்பிட்டது கிடையாது. கூப்பிட்டால் என்ன, அவருடைய அப்பா அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை, கூடப் பிறந்தவர்கள் கூப்பிட்டதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இந்தா" என்றால் உள்ளேயிருந்து "வர்றேங்க" என்று வரும். எதற்கும் இந்தாதான், காப்பிக்கும் இந்தா, காய்ச்சலுக்கும் இந்தா. மூன்றே மாதம், சுகந்திக்குப் பிள்ளை பிறந்து கழுத்து நின்றதும் திரும்பிவிடுவேன் என்று ஓசூருக்குப் போனவள். சுகந்தி வேலைக்குத் திரும்பினாள், மருமகனுக்கு ஷிஃப்ட், குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும், மூன்று மாதம் ஆறாகி, ஆறு பன்னிரண்டாகி, இப்போது குழந்தை வாக்கியம் பேசுகிறது, இரண்டு வருஷம். குழந்தை தூங்குகிற நேரமாகப் பார்த்துத் தினம் நாலு மணிக்குப் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். வைக்கவா, வை. இந்த ஆறு வார்த்தைக்காக அவர் மூன்றே முக்காலிலிருந்து சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது பூங்காவில் ஒருவருக்கும் தெரியாது, ஓசூரிலும் தெரியாது. அன்று அந்த "இந்தா" காதில் விழுந்ததும் நீர்நாய் தலையை நிமிர்த்திச் சாக்கின் இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாள். எழுந்து வந்து அவர் கால்மேல் உட்கார்ந்தாள். ஈரக் கனம். அவர் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றார், அசையவில்லை, அசைந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

ஒரு தடவைதானே என்று நினைத்தது மறுநாளும் ஒரு தடவையாயிற்று. ஆறரை மணிக்குக் கூண்டைத் திறப்பார், மற்றவர்கள் ஏழேகாலுக்குத்தான் வருவார்கள், அந்த முக்கால் மணி நேரம் கேட்க யாரும் இல்லை. எந்தப் பேச்சும் இந்தாவில்தான் ஆரம்பிக்கும். இந்தா, ரசத்துக்குப் புளி கூடிப்போச்சு என்றார். தலையணை உறை ரெண்டு இருந்துச்சே, இன்னொண்ண எங்க வச்ச என்று ஒரு நீர்நாயிடம் கேட்டார். அதுவும் மீசையைத் துடைத்துக்கொண்டு யோசிப்பதுபோலத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் இருந்தால் மனிதனுக்குள் இவ்வளவு பேச்சு இருக்குமா என்று அவருக்கே ஆச்சரியம். பூங்காவில் முப்பது வருஷமாக அவருக்கு ஊமையன் என்றுதான் பெயர். நேற்றுப் போனில் உன் குரல் கட்டியிருந்தது, கேட்கலாம் என்று நினைத்தேன், அதற்குள் வைத்துவிட்டாய் என்றார். நீ மடித்து வைத்துவிட்டுப் போன பச்சைப் புடவை அப்படியே கொடியில் கிடக்கிறது, நான் எடுக்கவில்லை என்றார். வீடு நல்லாவே இல்ல என்றும் ஒருநாள் சொன்னார். அதைச் சொன்னபோது அவள் தண்ணீருக்குள் போய் ஒரு நத்தையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். தப்பு என்று தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். டாக்டர் ஏழரைக்கு வந்து, "சத்தமே இல்லாம வச்சிருக்கீங்கண்ணே, உங்களாலதான் இது சாத்தியம்" என்று மெல்லிய குரலில் பாராட்டும்போது சாக்குக்குள் முகம் எரியும், நாளையோடு நிறுத்திவிடுவோம் என்று முடிவு செய்வார், காலையில் கூண்டுக் கதவு திறக்கிற சத்தத்துக்கே அவள் கரையில் வந்து நிற்பாள். குடிகாரர்கள் ஏன் நாளை நாளை என்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

இரண்டாவது, டாக்டரே கூப்பிட்டார். சுத்தமான, கொஞ்சம் கூச்சப்பட்ட குரல், மூன்று தடவை "வா, வா". வரவில்லை. மூன்றாவது வண்டி ஓட்டுகிற முஸ்தபா. "நம்ம வீட்டு ஆடே நா கூப்புட்டா வராது டாக்டர், இது வந்துருமாக்கும்" என்று சொல்லிவிட்டு, நாக்கை மடித்து ப்ர்ர் ப்ர்ர் என்று ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். அப்போதுதான் கரையேறியிருந்த ஆண் மறுபடி மிரண்டு தண்ணீருக்குள் பாய்ந்தது, அவள் அது போன வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடி படுத்தாள். டாக்டரின் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒருவர்தான், அதுவும் பேசாத மனிதர். முஸ்தபா வண்டியின் பின்கதவைத் திறந்து வைக்கப் போனார், தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது, அன்றைக்கு ஓசூர்ப் பேருந்தின் கதவும் அப்படித்தான் சத்தம் போட்டது, இல்லை, பேருந்துக்குக் கதவே இல்லை, படிதான். கமலவேணி படியில் நின்றாள். ஒரு பை, ஒரு கட்டைப்பை, பிரசவ லேகியம் வைத்த தூக்கு. பையை மேலே ஏற்றிவிட்டு, "போனதும் போன் பண்ணு" என்றார், கடிகாரத்தைப் பார்த்தார், கரடிக்குச் சாப்பாட்டு நேரம். அவள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கலாம், ஜன்னல் சீட்டு காலியாகத்தான் இருந்தது. படியிலேயே நின்றாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்துக்கொண்டு. நடத்துனர் உள்ளே போம்மா என்றார். அப்போதும் நின்றாள். எதற்கு நின்றாள்? வெற்றிலைக்கா, தண்ணீர் பாட்டில் வாங்கித் தரவில்லையே என்றா, அன்றிலிருந்து எத்தனையோ தடவை அந்தப் படியை மனதுக்குள் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்துவிட்டார், வண்டி புறப்படுகிற இடம்வரைக்கும் வரும், அதற்குமேல் ஓடாது. போனில் கேட்டுவிடலாம். அன்னைக்கு ஏன் படியில நின்ன என்று இரண்டு வருஷம் கழித்து ஒருவன் கேட்டால் இந்த ஆளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைக்கமாட்டாளா?

"அண்ணே, வாங்க" என்று டாக்டர் கையசைத்தார். எழுந்தார், முழங்கால் தன் பேச்சைப் பேசியது. தட்டிக்கு நாலு எட்டுதான், ஆனால் அந்த நாலு எட்டுக்குள் போன மாதம் பார்த்த ஆறு முழுவதும் வந்துவிட்டது. விடப்போகிற இடத்தைப் பார்த்து வரலாம் என்று டாக்டர் அழைத்துக்கொண்டு போனார். அகலமான நீர், பாறைகளுக்கு நடுவில் மணல் திட்டு, மணலில் காட்டு நீர்நாய்களின் காலடித் தடம், ஐந்து விரலும் விரலிடைச் சவ்வும் பதிந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்து அதைத் தொட்டுப் பார்த்தார். இங்கே இருக்க வேண்டியவள், இவ்வளவு தண்ணீரில் போக வேண்டியவள், என் முக்கால் மணி நேரத்துக்குள் கிடக்கிறாளே என்று தோன்றியது. அப்போது கீழே ஒரு பரிசல் ஒதுங்கியது. பரிசலில் நின்ற மீனவர் கரையில் நின்ற தன் வீட்டுக்காரியைப் பார்த்து, "இந்தா, இந்தக் கயித்தப் புடி" என்றார். அமிர்தலிங்கம் தடத்தின்மேலிருந்து கையை எடுத்தார். அப்புறம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கரை நெடுக அதுதான். வலையை உதறுகிறவன் சொன்னான், மீனைக் கூறு கட்டுகிறவள் சொன்னாள், பெண்டாட்டியைக் கூப்பிடும் ஆள் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அவருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தது ஆற்றங்கரையில் கொட்டிக் கிடந்தது. இவள் ஓடி வருவாள். கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து, வாயில் ஒரு நத்தையோடுகூட வருவாள். துடுப்பு. திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் வாயைத் திறக்கவில்லை, அவர் எப்போதும் அப்படித்தானே என்று டாக்டரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் காலையிலிருந்து உண்மையாகவே பேச்சை நிறுத்தினார், இருபத்தாறு நாள் உதட்டைக் கடித்துக்கொண்டு குளம் கழுவினார், இருபத்தாறு நாளில் ஒரு பிராணி மறந்துவிடாதா, மறந்திருக்கும், மறந்திருக்க வேண்டும். முதல் வாரம் கால்மேல் வந்து உட்கார்ந்தாள், இரண்டாம் வாரம் தூர நின்று பார்த்தாள், அப்புறம் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். அதுவும் வலித்தது.

"எப்படி வேணும்னாலும் கூப்புடுங்கண்ணே, உங்களுக்கு வர்ற மாதிரி" என்றார் டாக்டர். தட்டியில் கையை வைத்தார். மூங்கில் சூடாக இருந்தது. வா என்று கூப்பிடலாம். லூர்து மேரி மாதிரி, முஸ்தபா மாதிரி, யாரோ மாதிரி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டால் சோதனை முடிந்தது, டாக்டர் சிரிப்பார், வண்டி புறப்படும், இன்று மாலை அவள் அந்த அகலத் தண்ணீரில் இருப்பாள். எத்தனை நாள் இருப்பாள் என்பதை யாரும் தாளில் எழுதப்போவதில்லை. "வா" என்றார். அவள் அசையவில்லை. "வாம்மா" என்றார். அசையவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி. டாக்டர் பேனாவின் மூடியைத் திறந்தேவிட்டார். இப்போது அமிர்தலிங்கத்துக்குள்ளே இரண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் சொன்னார், அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துவிடு, மறந்துவிட்டாளா என்று தெரியாமல் ஆற்றில் விட்டால் அது கொலை. இன்னொருவர் அதைப் பற்றியெல்லாம் பேசவே இல்லை, அவருக்கு அவள் வரவேண்டும், அவ்வளவுதான், ஆறு என்ன, காடு என்ன, உலகத்தில் ஒரு உயிராவது அவர் கூப்பிட்டு எழுந்து வரவேண்டும். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லச் சொன்னார்கள். எந்த ஆள் சொல்லச் சொல்லி வாய் திறந்தது என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற அளவுக்குத்தான் குரல் இருந்தது. "இந்தா."

அவள் தலை நிமிர்ந்தது. வரக்கூடாது, வந்துவிடாதே, அங்கேயே இரு, என் தாயே. மரத் துண்டிலிருந்து சறுக்கித் தண்ணீரில் இறங்கினாள். தண்ணீரில் ஒரு கோடு மட்டும் நேராக இந்தப் பக்கம் வந்தது. கரையேறி, உடம்பை உதறக்கூட நிற்காமல், வெள்ளைக் கல்லில் ஒன்றைத் தட்டிவிட்டுக்கொண்டு, தட்டியின் அடியில் மூக்கை நுழைத்தாள். மீசை மயிர் வெளியே தெரிந்தது. சீழ்க்கை, தொட்டியின் மறுகோடியிலிருந்து அன்று அடித்த அதே சீழ்க்கை, இப்போது கொஞ்சம் கனத்து. அமிர்தலிங்கத்துக்கு மனது நிறைந்துவிட்டது. பாவி மனது, வெட்கமில்லாமல், அந்த நொடியில் நிறைந்தே விட்டது. கை தானாகக் கீழே போயிற்று, அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். டாக்டர் ரெஜினா தாளைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார். தட்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, கூண்டு மூலைக்கு வெளியே அழைத்துப்போய், கிசுகிசுப்பாகக் கேட்டார். "எவ்ளோ நாளாண்ணே?"

"ஆறு மாசமாம்மா. இந்த ஒரு மாசமாத்தான் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"இப்பத்தான் சொல்ல முடிஞ்சுதும்மா."

டாக்டருக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முகத்திலேயே நின்றது. "சொல்லாம இருந்திருந்தீங்கன்னா இன்னைக்குப் போயிருக்கும்" என்றார். "தெரியும்மா" என்றார் அவர். டாக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேனாவை மூடினார். "ஆண் மட்டும் போகட்டும். இதுக்கு இன்னும் ஒரு வருசம். வேற ஆள் பாப்பாங்க. நாளையிலேருந்து நீங்க மான் பக்கம் போயிருங்கண்ணே. இந்தப் பக்கம் வந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்த காதுல விழுந்தாலும் மறுபடி மொதல்லேருந்து." அவர் தலையாட்டினார். "மறந்துருமாம்மா?" "மறந்துரும்ணே. கண்டிப்பா மறந்துரும்." நல்ல செய்தி சொன்ன பெண்ணை ஓர் அறை அறையலாம்போல இருந்தது அவருக்கு, அதே சமயம் கும்பிடலாம்போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் தலையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பின்னால் சீழ்க்கை. கூப்பிட்டுவிட்டு ஆள் எங்கே என்று தேடுகிற சீழ்க்கை. திரும்பாதே. ஒரு தடவை "இரு" என்று சொன்னால் போதும், அடங்கிவிடுவாள், சொல்லாதே. வண்டியில் ஆணை ஏற்றுகிற சத்தம், முஸ்தபா ஏதோ சொல்கிறார், இவள் தனியாகத்தான் நிற்பாள், மரத் துண்டின்மேல் ஏறி அதன் ஈரத்தை முகர்ந்து பார்ப்பாள், நினைக்காதே, நட. மறக்கட்டும், அடுத்த வருஷம் இந்நேரம் என் குரல் கேட்டால் லூர்து மேரி கூப்பிட்டபோது செய்த மாதிரி காதைச் சொறிந்துகொண்டு படுத்திருக்கட்டும். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி நாலு.

பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்துவிட்டார், வைத்த பிறகுதான் உறைத்தது, பேச முடியாது, இங்கே பேசினால் கேட்டுவிடும். "ஹலோ" என்றாள் கமலவேணி. அவர் எட்டிப் போட்டு நடந்தார். "ஹலோ, என்னங்க. சாப்பிட்டீங்களா?" மயில் கூண்டைத் தாண்டினார், சீழ்க்கை கேட்டது. "கேக்குதுங்களா? என்னங்க?" கரடிக்கூண்டு, கரடி எழுந்து அவரைப் பார்த்தது, இன்னும் கேட்டது, கொஞ்சம் மெலிந்து. "டவர் இல்ல போலிருக்கு" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் வைக்கவில்லை, அவள் பக்கத்தில் ஃபேன் சுற்றுகிற சத்தம் வந்தது, குழந்தை தூக்கத்தில் எதையோ முனகியது. வைத்துவிடாதே, இரு, வந்துகொண்டே இருக்கிறேன். முழங்காலை இழுத்துக்கொண்டு ஓடினார், ஐம்பத்தேழு வயதுக்காரர் ஆளில்லாத பூங்காவில் காதில் போனோடு, வாயை மூடிக்கொண்டு. மான் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, மூடிய டிக்கெட் ஜன்னல். அங்கே நின்று காது கொடுத்துக் கேட்டார். சாலையில் ஒரு பேருந்து போயிற்று. அது போன பிறகும் சீழ்க்கை கேட்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது.

"இந்தா" என்றார்.

"வர்றே... சொல்லுங்க" என்றாள், பழைய பழக்கத்தில். "என்னங்க இப்படி இரைக்குது? உடம்புக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. இந்தா. நீ வந்துரு."

போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தார், நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, மறுபடி காதில் வைத்தார். ஃபேன் சத்தம் இருந்தது. அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இத ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னுதாங்க" என்றாள் கமலவேணி, "அன்னைக்குப் படியிலயே நின்னேன்."